டேப் அக்காவின் முதல் பெட்டி

காபிக் கோப்பையின் காதுக்குள் முதலில் ஒரு காகிதச் சுருள். அடுத்து வயிற்றுக்குள் ஒரு காகிதப் பந்து. அதற்குப் பிறகுதான் வெளிச்சுற்று. டேப் அக்காவின் கைகள் இந்த வரிசையில் ஒன்றைக்கூட மாற்றாமல் வேலை செய்துகொண்டிருக்கும். கண்கள் மட்டும் அங்கே இருக்காது. சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தபடியே பன்னிரண்டு கோப்பைகளைச் சுற்றி முடித்துவிடுவாள்.

"காதுதாங்க முதல்ல போகும். வயிறு தாங்கிடும்" என்பாள். கேட்பவர்களுக்கு அது கோப்பையைப் பற்றிய பேச்சா, வேறு எதையாவது பற்றியதா என்று ஒரு நிமிடம் சந்தேகம் வரும். கோப்பையைப் பற்றித்தான். அவள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அல்ல.

வயது நாற்பத்திரண்டு. குள்ளம். கம்பெனி கொடுத்த சாம்பல் நிறச் சட்டை, கை முட்டி வரை மடித்திருக்கும். வலது பையில் மஞ்சள் பிடி போட்ட சின்னக் கத்தி. இடது மணிக்கட்டில், மற்றவர்களுக்கு வளையல் இருக்கும் இடத்தில், ஒரு பழுப்பு நிற டேப் சுருள். டேப்பைச் சர்ரென்று இழுத்து ஒட்டி அறுக்கிற கருவி ஒன்றைக் கம்பெனி எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. அவள் அதைத் தொடுவதில்லை. கையால் இழுத்து, கத்தியால் அறுத்து, கட்டைவிரல் நகத்தால் நுனியை மூன்று தரம் தேய்ப்பாள். டேப் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று அட்டைப்பெட்டிக்கே தெரியாது.

"நுனி தெரிஞ்சா அது பேக்கிங் இல்லைங்க, பரிசுப் பொட்டலம்."

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். கட்டில், சோபா, பீரோவெல்லாம் ஆண்கள் பாடு. சமையலறையும் பிள்ளைகள் அறையும் இவள் பொறுப்பு. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் டேப் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பிள்ளைகள் அறைக்குப் போனதும் அவள் முதலில் எதையும் எடுக்க மாட்டாள். தரையில் உட்கார்ந்து, ஒரு சின்ன அட்டைப்பெட்டியை விரித்து, அதன் நாலு பக்கமும் மஞ்சள் பேனாவால் கோடு போடுவாள். "இது உன் முதல் பெட்டி. எல்லாத்துக்கும் கடைசியா லாரியில ஏறும். எல்லாத்துக்கும் முன்னாடி இறங்கும். என்ன வைக்கணுமோ வை. உங்கம்மா கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்." ஒரு பெண் வெறும் தலையணையை வைத்து மூடச் சொன்னாள். ஒரு பையன் வாசல் அழைப்பு மணி வேண்டும் என்று அடம்பிடித்தான். டேப் அக்கா அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் புது மணி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தாள். வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். பையன் புது ஊரில் முதல் நாளே தன் அறைக் கதவில் அந்தப் பழைய மணியைத் தொங்கவிட்டான் என்று லாரி ஓட்டிப் போனவர் வந்து சொன்னார்.

லாரி ஓட்டிப் போனவர் அவளுடைய கணவர். அதே கம்பெனி. எதற்கும் "சரி விடு" என்று சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற மனிதர்.

வீடு மாறுகிற அம்மாக்கள் அவளிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். போகிற இடம் எப்படி, அங்கே பள்ளிக்கூடம் எப்படி? விளம்பரப் புத்தகம் கையில் இருக்கும், கைபேசியில் நட்சத்திரக் கணக்கு இருக்கும், அப்படியும் இவளைக் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. ஒரு குடும்பத்தை ஒரு பகுதிக்குக் கொண்டுபோய் இறக்கியவளும் அவள்தான். பத்து மாதத்தில் அதே குடும்பத்தை அங்கிருந்து அள்ளிக்கொண்டு வருகிறவளும் அவள்தான்.

"திரும்பக் கூப்பிடுறாங்க பாருங்க, அந்த வீட்டுல பாதிப் பெட்டி நான் ஒட்டின டேப்போடயே நிக்கும். பிரிச்சிருக்க மாட்டாங்க. அப்பவே தெரிஞ்சிரும், இவங்க இங்க குடியே வரலைன்னு."

டேப் பிரிந்திருக்கிறதா, பிரித்து மறுபடி ஒட்டியதா, ஒட்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதெல்லாம் அவள் விரல் தடவினால் தெரியும். பழைய டேப்பின் ஓரத்தில் தூசி கறுப்புக் கோடாக உட்காரும். பிரித்து ஒட்டியதென்றால் அட்டையின் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரியும்.

பள்ளி விளம்பரப் புத்தகத்தை நீட்டினால் மரியாதையாக வாங்கிப் பார்ப்பாள். "படத்துல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் குளிச்சிட்டு வந்திருக்குதுங்க. சாயங்காலம் ஸ்கூல் விடுறப்ப வாசல்ல போய் நில்லுங்க. குளிக்காத பிள்ளைங்களப் பாருங்க. வாட்ச்மேன் அதுங்ககிட்ட எப்படிப் பேசுறார்னு கேளுங்க. காலைல லேட்டா வர்ற பிள்ளை ஓடி வருதா, இல்ல வாசல்லயே நின்னு அழுவுதான்னு பாருங்க." இவ்வளவுதான் அவள் ஆலோசனை. இதைக் கேட்டு நடந்த பலர் அவளை மறுபடி கூப்பிடவில்லை. கம்பெனிக்கு நஷ்டம் என்று மேற்பார்வையாளர் கிண்டல் செய்வார்.

இத்தனையும் தெரிந்தவள் சொந்த வீடு பார்த்ததில் ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறாள். அதை அவளே சொல்வாள். அவள் சொல்லாவிட்டாலும் பெரிய மகள் சொல்லிவிடுவாள்.

எட்டு வருடத்துக்கு முந்தைய கதை. கல்யாணத்தின்போது வாங்கிய மூன்று கதவு அலமாரி ஒன்று அவர்களிடம் இருந்தது. அது ஏறக்கூடிய மாடிப்படி வேண்டும் என்று ஒன்பது வீடு பார்த்தாள். பத்தாவது வீட்டின் படியை அளவு நாடாவால் மூன்று தடவை அளந்தாள். அலமாரி ஒரு கீறல் இல்லாமல் ஏறியது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் காலையில்தான் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நாலு வழிச் சாலை ஓடுவதையும், அதைக் கடக்க ஓர் இடமும் இல்லாததையும் பார்த்தாள். பெரியவளுக்கு அப்போது ஆறு வயது. இரண்டு வருடம், தினமும் காலையில், அப்பா லாரியைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் ஊரே ஹாரன் அடிக்க, அந்தப் பிள்ளை சாலையைக் கடந்தது.

இப்போது பெரியவளுக்குப் பதினாலு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் அலமாரியைக் காட்டி, "எங்கம்மா வீடு பாத்ததே இவருக்குத்தான். நாங்க இவர்கூட வந்த சாமான்" என்று அறிமுகம் செய்து வைப்பாள்.

இந்த வருடம் கம்பெனி தன் கோடவுனையே வேறு ஊருக்கு மாற்றியது. வேலை வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்குள் குடும்பத்தோடு போயாக வேண்டும். மற்றவர்கள் வீட்டுச் சாமானை ஆயிரம் தடவை கட்டியவள் தன் வீட்டுச் சாமானைக் கட்ட உட்கார்ந்தாள். இந்தத் தடவை கவலை அலமாரி அல்ல, சின்னவள்.

சின்னவளுக்கு எட்டு வயது. ஐந்து வயதிலிருந்து சர்க்கரை நோய். இனிப்பைக் குறைத்தால் போய்விடுகிற சங்கதி இல்லை இது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, ஊசிதான் போட வேண்டும். ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் கணக்கு கொஞ்சம் தவறினால் சர்க்கரை திடீரென்று இறங்கும். அப்போது பழச்சாறோ குளுக்கோஸ் மாத்திரையோ உடனே வாயில் போக வேண்டும். போய்ப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி விரலில் குத்திப் பார்க்க வேண்டும். விட்டால் நினைவு தப்பும். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆகவே விடக் கூடாது. இதில் அழுகைக்கோ பயத்துக்கோ இடமில்லை, கடிகாரத்துக்குத்தான் இடம்.

கஷ்டம் என்னவென்றால், இறங்கும்போது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய பள்ளியில் ஒரு தையல் டீச்சர் இருந்தார். அவருக்குச் சின்னவளின் முகம் மனப்பாடம். புது ஊரில் அந்தக் கண்ணை எங்கே போய்த் தேடுவது? டேப் அக்கா தேடியது பள்ளிக்கூடத்தை அல்ல, அந்த ஒரு ஜோடிக் கண்களை.

விடுப்பு கிடைத்த நாளெல்லாம் பஸ் ஏறிப் போனாள். ஏழு பள்ளிகள் பார்த்தாள். ஐந்து தாமாகவே கழிந்தன. ஒன்றில், "இந்த மாதிரிப் பிள்ளைகளை வீட்ல வெச்சுப் பாத்துக்கலாமே" என்றார்கள். அவள் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

மிச்சம் இரண்டு. அவற்றைப் பார்க்கக் கணவரையும் பெரியவளையும் கூட்டிப் போனாள். முதலாவது பெரிய பள்ளி. கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, நீச்சல் குளம். குளத்தைப் பார்த்ததும் பெரியவள் அங்கேயே நின்றுவிட்டாள். கணவரும் அவளோடு நின்றார். டேப் அக்கா மட்டும் அலுவலக அம்மாவோடு நோயாளி அறைக்குப் போனாள்.

வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். சுவரில் கண்ணாடி அலமாரி. அதற்குப் பூட்டு.

"கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா?"

"சாவி நர்ஸ்கிட்ட இருக்குங்க. அவங்க திங்கள், வியாழன் வருவாங்க. இன்னொரு சாவி ஆபீஸ்ல இருக்கும், இருங்க."

டேப் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சாவி வந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே பெரிய முதலுதவிப் பெட்டி, பளபளவென்று.

"புதுசுங்களா?"

"மூணு வருஷமா இருக்குங்க. எல்லாமே உயர்ந்த ரகம்."

அவள் கட்டைவிரலால் பெட்டியின் மூடியைத் தடவினாள். பெட்டியைத் தயாரித்த இடத்தில் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. ஓரத்தில் தூசி கறுப்புக் கோடாக உட்கார்ந்திருந்தது.

"மூணு வருஷத்துல ஒரு பிள்ளைகூடக் கீழ விழலையாங்க?"

அலுவலக அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "எங்க பிள்ளைங்க ரொம்ப ஒழுக்கங்க!"

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு டேப் அக்கா வெளியே வந்தாள்.

இரண்டாவது சின்னப் பள்ளி. இரண்டு மாடிச் செங்கல் கட்டடம். பெயின்ட் உரிந்திருந்தது. மைதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் சரளைக்கல்தான் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன் பின்னால் ஐம்பது தாண்டிய ஓர் அம்மாள். மணி அடிப்பது, தாமதமாக வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுவது, தரை துடைப்பது, டீ போடுவது எல்லாம் அவர்தான். பிள்ளைகள் அவரை மணியம்மா என்றார்கள்.

முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டதும் மணியம்மா மேசை மேலிருந்த பிஸ்கட் டின்னைத் தள்ளினார். பலமுறை கீழே விழுந்து மூடி நெளிந்துபோய், அது மூடவே மறுத்தது. உள்ளே பாதி தீர்ந்த பஞ்சு, கடைசிச் சுற்றில் இருந்த பிளாஸ்திரி, ஒரு கத்தரிக்கோல், யார் எந்த நாளில் எங்கே விழுந்தார்கள் என்று எழுதிய நோட்டு. டேப் அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் சிராய்த்த பிள்ளை ஒன்று அழுதுகொண்டு வந்தது. மணியம்மா பேச்சை நிறுத்தாமலே துடைத்து, ஒட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார்.

"உங்க பாப்பாவுக்கு என்ன?"

சொன்னாள். மணியம்மா பதறவில்லை, பாவம் என்று உச்சுக்கொட்டவும் இல்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"எறங்குறதுக்கு முன்னாடி அது என்ன பண்ணும்? ஒவ்வொரு பிள்ளை ஒவ்வொரு மாதிரி. முன்ன ஒருத்தன் இங்க படிச்சான், எறங்குச்சுன்னா பாட்டுப் பாடுவான். கணக்குப் பரீட்சையில பாடுனான்னா ஓடிப் போய் ஜூஸ் குடுப்பேன்."

ஏழு பள்ளிகளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். டேப் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவ சண்டை போடுவாங்க. கொட்டாவி விட்டுக்கிட்டே."

"மத்த நேரத்துல சண்டை போட மாட்டாளா?"

"போடுவா. கொட்டாவி விட மாட்டா."

மணியம்மா சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார். தலைமை ஆசிரியையிடமும் அழைத்துப் போனார். வகுப்பு டீச்சரும் மணியம்மாவும் ஊசி, சர்க்கரை பார்க்கும் மீட்டர் விவரங்களை ஆஸ்பத்திரி நர்ஸிடம் நேரில் கற்றுக்கொள்வது என்று அங்கேயே முடிவாயிற்று.

பெரிய பள்ளிப் பெட்டியின் பிரிக்காத டேப்பைப் பற்றி அவள் சொன்னதும் வீட்டில் சண்டை வெடித்தது.

"அந்த ஸ்கூல் சுவர்ல சாய்ஞ்சா சட்டையில பெயின்ட் வருதும்மா!" என்றாள் பெரியவள். "குளம் இருக்கிற ஸ்கூல விட்டுட்டு, பிஸ்கட் டின் இருக்கிற ஸ்கூலுக்கு யாராவது போவாங்களா?"

"நீ குளத்துக்குப் போ. இவ டின்னுக்குப் போகட்டும்."

"ரெண்டு பேரும் வேற வேற ஸ்கூலா?" என்றார் கணவர்.

"வேற வேற பிள்ளைதானே?"

பெரியவளுக்கு நீச்சல் குளம் கிடைத்துவிட்டது. அப்படியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. "அப்ப அந்த ஸ்கூல்ல எனக்கு ஏதாச்சும் ஆனா பரவாயில்லையா உனக்கு?"

"உனக்கு ஒன்னுன்னா நீ கத்துற கத்துல நாலு தெரு கூடிரும். அவளுக்கு ஒன்னுன்னா அவளுக்கே தெரியாது. அதான் வித்தியாசம்."

பெரியவள் கொஞ்ச நேரம் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையில் குப்புறப் படுத்து, துணி முதலைக்குப் பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி. ஆனா வீடு? இவர் ஏறுவாரா?" என்று அலமாரியை நோக்கிக் கண்ணைக் காட்டினாள்.

வீடு பார்க்கும்போது டேப் அக்கா அளவு நாடாவை எடுத்துப் போகவே இல்லை. சின்னவளைக் கூட்டிக்கொண்டு, சின்னப் பள்ளி விடுகிற நேரத்தில், பள்ளி வாசலிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பிள்ளையின் நடையிலேயே நடந்தாள். நேரம் அவளுக்கு முக்கியமில்லை. வழியில் எத்தனை முகம் இருக்கிறது என்று எண்ணினாள். ஒரு வீடு அழகான வீடு, ஐந்தே நிமிடம், ஆனால் வழி முழுக்க மூடிய கேட். ஒரு பிள்ளை அங்கே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டால் பார்க்க ஆள் கிடையாது. அதை விட்டாள். எடுத்தது பன்னிரண்டு நிமிட வழி. பஸ் நிறுத்தத்தில் பழக்கடை, திருப்பத்தில் சலவைக்கடை, வீட்டுக்குக் கீழே எந்நேரமும் ஜன்னல் ஓரம் மிஷின் மிதிக்கும் தையல்காரம்மா. மூன்று பேரிடமும் போய் நின்று, "இவ என் சின்னவ. இவ இந்தப் பக்கம் கொட்டாவி விட்டுக்கிட்டே யார்கிட்டயாவது வம்பு பண்ணுனா, பிடிச்சு உக்கார வெச்சு ஜூஸ் குடுங்க, அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லி நம்பரைக் கொடுத்தாள். பழக்கடைக்காரர் பயந்து போனார். சலவைக்கடைக்காரர், "எங்க வீட்டுக்காரியும் அப்படித்தாங்க, ஜூஸ் குடுத்தாச் சரியாயிடுமா?" என்று கேட்டார்.

வீடு மூன்றாவது மாடி. படி குறுகல். இரண்டு இடத்தில் முழங்கைபோலத் திரும்பும். அலமாரி எந்த ஜென்மத்திலும் ஏறாது. டேப் அக்கா படியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "கோடவுன்ல துடைக்கிற துணி வைக்க ஓர் அலமாரி இல்லாம அல்லாடுறாங்க" என்று மட்டும் சொன்னாள். மூன்று கதவும் கோடவுனுக்குப் போயின. கணவர் "சரி விடு" என்று சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். அவருடைய கல்யாண அலமாரியும்தானே அது.

வீடு மாறிய நாள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வந்து, தங்கள் வீடுபோல ஏற்றினார்கள். டேப் அக்கா மற்ற எந்த வீட்டிலும் செய்வதுபோலவே செய்தாள். பெரியவளுக்கு ஒரு முதல் பெட்டி, சின்னவளுக்கு ஒரு முதல் பெட்டி, மஞ்சள் கோடு. சின்னவள் பெட்டியில் துணி முதலை அவள் இஷ்டம். மிச்சமெல்லாம் அம்மா வைத்தது: மீட்டர், பழச்சாறு நான்கு, குளுக்கோஸ் மாத்திரை, பிஸ்கட், என்ன செய்ய வேண்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதிய தாள். இன்சுலின் குளிர்ப்பையில் அவள் தோளில். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற மாத்திரைகள் வழியிலேயே தீர்ந்துவிட்டன. மத்தியானம் லாரி ஒரு சிக்னலில் நெடுநேரம் நின்றபோது சின்னவளுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் பரவாயில்லை. முதல் பெட்டிதான் முதலில் இறங்குமே.

இறங்கவும் செய்தது. நாலு மணிக்குக் கணவர் அதைத் தோளில் தூக்கி, மூன்று மாடி ஏறி, வெறும் அறையின் நடுவில் வைத்தார். சின்னவள் சுருட்டிய மெத்தை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஜன்னல் பக்கம் எனக்கு. அக்காவுக்குக் கதவுப் பக்கம்" என்றாள்.

"அதெல்லாம் முடியாது. ஜன்னல் எனக்கு" என்றாள் பெரியவள்.

"நீ எனக்கு அக்காவே இல்ல." ஒரு கொட்டாவி. "முதலைக்கும் நீ அக்கா இல்ல." இன்னொரு கொட்டாவி.

பெரியவளின் குரல் மாறியது. "அம்மா. இவ கொட்டாவி விடுறா."

டேப் அக்கா இரண்டே எட்டில் வந்தாள். பிள்ளையின் கழுத்தில் கை வைத்தாள்; வேர்வை, சில்லென்று. பெட்டியைத் திருப்பினாள். வலது பைக்குக் கை போனது. கத்தி இல்லை. கயிறு அறுக்க வேண்டும் என்று கீழே ஒருவர் அதை வாங்கி வைத்திருந்தார்.

நகத்தால் டேப்பின் நுனியைத் தேடினாள். கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? பத்தொன்பது வருடம் பழகிய கை மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று தரம் தேய்த்து ஒட்டியது. அட்டையோடு அட்டையாகக் கிடந்தது. நகம் உடைந்தது. கணவர் சட்டைப் பையைத் தட்டினார், சாவிக்கொத்து லாரியில். அவர் படியில் இறங்கி ஓடினார். பெட்டி சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

பெரியவள்தான் அதைப் பிடுங்கினாள். மூலையை வாயில் வைத்துக் கடித்தாள். ஒரு துண்டு அட்டையைக் கடித்துத் துப்பி, அந்த ஓட்டைக்குள் இரண்டு கையையும் விட்டுக் கிழித்தாள். துணி முதலை முதலில் வெளியே விழுந்தது, அதன் பின்னால் பழச்சாறு.

ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். வைத்தியக் கணக்கில் அது பெரிய தாமதம் இல்லை. பிள்ளை விழித்திருந்தாள், விழுங்கினாள், திட்டிக்கொண்டே குடித்தாள். டேப் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் எண்ணி, பிள்ளையின் விரலில் குத்திப் பார்த்தாள். மீட்டரில் எண் ஏறியது. பிஸ்கட் கொடுத்தார்கள். கன்னத்தில் நிறம் வந்தது. கத்தியோடு மேலே ஓடிவந்த கணவர் சுவரில் சாய்ந்தபடி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

சின்னவள் பெட்டியைப் பார்த்தாள். "என் பெட்டிய யாரு கடிச்சது?"

"நான்தான்" என்றாள் பெரியவள். "ருசியே இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள், டேப் அக்காவைத் தவிர. அவள் கிழிந்த அட்டையை எடுத்து, டேப்பின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். நகம் உடைந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குத்திக் காட்டுகிற குரலில்லை, நிஜமாகவே கேட்டாள். "அம்மா, அந்தப் பெரிய ஸ்கூல் பெட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

டேப் அக்கா சாக்குச் சொல்லத் தெரியாதவள். "ஒன்னும் இல்லை" என்றாள். "ரெண்டுமே நல்லா ஒட்டினது."

பிறகு எழுந்து விரலைக் கழுவிவிட்டு, சமையலறைப் பெட்டிகளைப் பிரிக்கப் போனாள். வேலை கிடந்தது.

மறுநாள் காலையில் அவள் சமையலறைச் சாமான்களுக்கு நடுவிலிருந்து மூடி மேல்நோக்கித் திறக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தேடி எடுத்தாள். மீட்டரையும் பழச்சாற்றையும் மாத்திரையையும் பிஸ்கட்டையும் தாளையும் அதில் மாற்றினாள். சின்னவளைப் படியில் உட்கார வைத்து, கண்ணை மூடி இடது கையால் திறக்கச் சொன்னாள். திறந்தாள். பெரியவளைத் திறக்கச் சொன்னாள். கணவரையும் கூப்பிட்டு, கண்ணை மூடச் சொல்லி, திறக்க வைத்தாள். அவர் "சரி விடு" என்றார். "விட முடியாது, இன்னொரு தடவை திறங்க" என்றாள்.

பன்னிரண்டு நிமிடம் நடந்து பள்ளிக்குப் போனார்கள். வழியில் பழக்கடைக்காரர் சின்னவளின் வாயையே உற்றுப் பார்த்தார். அவள் அவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள், கொட்டாவி விடவில்லை.

மணியம்மாவின் மேசையில், பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில், டப்பா உட்கார்ந்தது. மணியம்மா ஒரு தாள் துண்டில் சின்னவளின் பெயரையும் வகுப்பையும் எழுதினார். டேப் அக்காவின் மணிக்கட்டைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அதுல ஒரு துண்டு குடுங்க. பேரை ஒட்டிடுவோம்."

டேப் அக்கா தானே ஒட்டினாள். சாண் நீளம் இழுத்து, அறுத்து, பெயரின் மேல் வைத்தாள். கட்டைவிரல் பழக்கப்படி ஒருமுறை தேய்த்தது. உடைந்த நகத்தில் கட்டு இருந்ததால் அது சரியாகத் தேயவில்லை. இரண்டாம் தரம் தேய்க்கப் போனவள் நின்றாள். ஒட்டியதை ஓரத்தில் மெல்லக் கிளப்பி, டேப்பின் நுனியை ஒரு விரற்கடை உள்பக்கமாக மடித்து, கோப்பைக்கு இருப்பதுபோல அதற்கு ஒரு காது வைத்தாள். சின்னவளின் இடது கையைப் பிடித்து, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்தக் காதின் மேல் வைத்து, இழுத்துப் பார்க்கச் சொன்னாள்.